கணக்குத் துறையில் காலி இடம்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் இப்போது முழுக்க இணையத்தில்தான். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். சென்டர்காரர் அதற்கு மேல் வாங்குவதை வாங்கிக்கொள்கிறார். காசு போகட்டும். எந்தப் பாடம் என்ற கட்டத்தையும் அவரே நிரப்பிவிடுகிறாரே, அதுதான் நம் கவலை.

போன ஆண்டு அருந்ததியர் தெருப் பெண் ஒருத்தியின் விண்ணப்ப நகலைப் பார்த்தோம். முதல் குரூப் படித்தவள். கணிதத்திலும் வேதியியலிலும் நல்ல மதிப்பெண். விருப்பப் பாடமாக இருந்ததோ பி.ஏ. வரலாறும் பி.ஏ. பொருளியலும். "கணக்கு ஏம்மா போடல?" என்று கேட்டதற்கு அவளுடைய அம்மா சொன்னார்: "நம்ம பிள்ளைங்களுக்கு இதுதான் கிடைக்கும்னு அந்தத் தம்பி சொல்லிச்சுண்ணே." கணிதம், இயற்பியல் துறைகளில் பல கல்லூரிகளில் இடம் நிரம்பாமல் கிடக்கிற காலம் இது. கிடைக்காது என்று சொன்ன இடம் காலியாகத்தான் இருந்தது.

வரலாறும் பொருளியலும் தாழ்ந்த படிப்பு என்று நாம் சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றது பொருளியலிலும் அரசியலிலும். 1916-இல் கொலம்பியாவில் சாதியின் தோற்றம் பற்றி அவர் கட்டுரை படித்தது மானிடவியல் வகுப்பில். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து லண்டனில் முனைவரானார். சமூக அறிவியலை அவர் விரும்பி எடுத்தார். நம் பிள்ளைகள் தலையில் அது கட்டப்படுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

இந்தக் கட்டுதல் கல்லூரி வாசலில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் "உனக்குக் கணக்கு வராது, மூணாவது குரூப் எடு" என்று ஆசிரியர் ஒருவர் சொல்கிறாரே, அன்றே அறிவியல் பட்டத்தின் கதவு மூடிவிடுகிறது. சில கிராமப்புறப் பள்ளிகளில் முதல் குரூப்புக்கு ஆசிரியரே இல்லை. அதையும் தாண்டி வந்த பிள்ளைக்கு அடுத்த தடை கடிகாரம். ஷிப்டு முறையில் நடக்கும் கல்லூரியில் பி.ஏ. மாணவன் மதியத்தோடு வெளியே வந்து ஜவுளிக் கடைக்கோ சித்தாள் வேலைக்கோ போய்விடலாம். ஆய்வக வகுப்பு இருக்கிற நாளில் பி.எஸ்சி. மாணவனால் அது முடியாது. அரை நாள் கூலியை நம்பி இருக்கிற வீடு எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்? ஆர்வம் இல்லை, முயற்சி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கூலிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மொழி வழி இன்னொரு முடிச்சு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் கேட்கிற குரூப் 1, குரூப் 2 பணிகளுக்குப் பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி கொண்ட குரூப் 4-க்குப் பள்ளிப் படிப்பே போதும். பன்னிரண்டு ஆண்டு தமிழ் வழியில் படித்துவிட்டு, கௌரவத்துக்காக ஆங்கில வழியில் சேரும் பிள்ளை எதை இழக்கிறது என்று சேரும் நாளில் யாரும் சொல்வதில்லை. அறிவியல் பாடங்களும் பல அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழியில் உண்டு. மேலே ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஆங்கில வழி உதவலாம், அதையும் மறுப்பதற்கில்லை. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியர் வேலையை நினைத்துச் சேர்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வரலாறு, புவியியல், கணிதம், இயற்பியல் போன்றவற்றில் இளநிலை முடித்ததும் பி.எட். சேரலாம். பொருளியல், அரசியல் அறிவியல் என்றால் முதுகலையும் வேண்டும். இரண்டு ஆண்டு கூடுதல். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இது பெரிய கணக்கு.

இட ஒதுக்கீட்டிலும் ஏமாறக் கூடாது. 60 இடமுள்ள துறையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, ஏறக்குறைய 11 இடம். அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, அதாவது 2 இடம். இந்த 11-தான் நம் பங்கு என்று நினைப்பது தவறு. 31 விழுக்காடு பொது இடம் எல்லாருக்கும் உரியது. அதில் வருகிற மதிப்பெண் உள்ள நம் பிள்ளையை ஒதுக்கீட்டு இடத்தில் வைத்தால், இன்னொரு தலித் பிள்ளையின் இடம் போகிறது. தரவரிசைப் பட்டியலை ஒட்டியதும் இதைச் சரிபார்க்க ஊருக்கு இரண்டு பட்டதாரிகள் போதும். துறைத் தலைவரிடம் மரியாதையாகக் கேட்கலாம், எழுத்திலும் கேட்கலாம்.

அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கில் ஆதார் இணைக்காததால் பணம் வராமல் நின்ற பிள்ளைகளை நாமே பார்த்திருக்கிறோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இழந்த கூலியை இது ஈடுகட்டாது. பேருந்துக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகும்.

அந்தப் பெண் கலந்தாய்வு நாளில் பொருளியலில் சேர்ந்துவிட்டாள். நாம் போய்ச் சேர்ந்தபோது மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து முடித்திருந்தார்கள். இந்த ஆண்டு அவளுடைய தம்பி முதல் குரூப்பில் தேறியிருக்கிறான். விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து நிரப்புகிறாள், முதல் கட்டத்தில் பி.எஸ்சி. கணிதம், தமிழ் வழி.