ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு வினாத்தாளும்

பண்டாரவளைக்குச் சென்று திரும்பும் நண்பர்கள் அவ்வூரின் குளிரையும் பச்சை மலைகளையும் வியந்து பேசுவார்கள். அதே மலையில் கொழுந்து பறிப்பவர் அக்காட்சியைக் கண்டு மகிழ்கிறாரா என்று எவரும் கேட்பதில்லை. உளமருத்துவத்தில் அத்தகைய கேள்வி ஒன்று உண்டு.

மனச்சோர்வு என்றதும் கவலையும் கண்ணீருமே நம் நினைவுக்கு வருகின்றன. முன்பு மகிழ்வளித்தவற்றில் இப்போது மகிழ்ச்சி தோன்றாமற் போவதும் அந்நோயின் இரு முதன்மை அறிகுறிகளுள் ஒன்றாகும். 1896 இல் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ இதற்கு ‘அன்ஹெடோனியா’ என்று பெயரிட்டார். இதனை அளப்பதற்கு 1995 இல் பிரித்தானிய உளமருத்துவர் ஸ்னெய்த்தும் குழுவினரும் 14 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். குடும்பத்தாருடன் இருத்தல், விருப்பமான உணவு, வெந்நீர்க் குளியல், பூவின் மணம், அழகிய இயற்கைக் காட்சி, ஒரு கோப்பைத் தேநீர் போன்றவற்றை அண்மைய சில நாட்களில் அனுபவிக்க முடிந்ததா என்று அது வினவுகிறது. ‘இல்லை’ என்னும் ஒவ்வொரு விடைக்கும் ஒரு புள்ளி. மூன்று புள்ளிகளுக்குக் குறையாவிட்டால் கவனிக்க வேண்டும்.

பயனுள்ள கருவிதான். ஆனால் அதனை ஊவாவின் ஒரு லயத்தில் வாசித்துப் பாருங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் விளையும் மணமிக்க தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். அழகிய காட்சி அங்கே அட்டை கடிக்கும் வேலைத்தலம். குளியல், பீலித் தண்ணீரில். ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அது நோயா, வாய்ப்பின்மையா?

வறுமையை நோயென்று கருதுவது ஒரு பிழை. நோயை வறுமையென்று கருதுவது அதனினும் பெரிய பிழை. இரண்டாவது பிழையை நானே செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், தீபாவளியை ஒட்டி, சம்பளப் பிரச்சினை பற்றி எழுத அப்பகுதித் தோட்டமொன்றுக்குச் சென்றேன். ஒரு பெண் இஸ்தோப்பில் பேசாமல் அமர்ந்திருந்தார். மாரியம்மன் திருவிழாவில் முன்னின்று பாடுபவராம். அந்த ஆண்டு கோயில் பக்கமே போகவில்லையாம். “ஒன்னுலயும் மனசு போகல ஐயா” என்றார். அவருடைய முகத்தை வறுமையின் அடையாளமாக்கிக் கட்டுரையைத் தொடங்கினேன். அதே சம்பளம் வாங்கும் அடுத்த வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே பலகாரம் சுட்டதைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

அவரை அளக்கவேண்டிய கோல் அவருடைய சென்ற ஆண்டேயாகும். முன்பு எது பிடிக்கும்? இப்போது பிடிக்கிறதா? திருவிழாவை எதிர்பார்த்திருக்கிறீர்களா, வந்தபின் மகிழ்ந்தீர்களா? எதிர்பார்ப்பையும் அனுபவிப்பையும் தனித்தனியே அளக்கும் அளவுகோல் 2006 இலேயே வந்துவிட்டது. 2001 இல் வெளியாகி உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாப் பட்டியலின் முதல் வினாவும், கடந்த இரு வாரங்களில் நாட்டம் குறைந்ததா என்பதே. அதைக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

உடம்பு வலி, தூக்கமில்லை என்று தோட்ட மருந்தகத்துக்கு வருபவரிடம், லயத்து வாழ்க்கையை அறிந்த ஒருவர், அவர் பேசும் தமிழில் அதைக் கேட்கவேண்டும். சம்பளப் போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். அது முடியும்வரை இந்தக் கேள்வி காத்திருக்கக் கூடாது. இலங்கையில் இருப்போர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

அன்று நான் என் கட்டுரைக்கு வேண்டியதை மட்டுமே கேட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கவேண்டியது வேறு.