டைட்டானியத்தைச் சுற்றியிருக்கும் ஈறு

டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. இது உண்மை. பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு வெளியிடும் அமிலம் பல்லிலுள்ள தாதுக்களைக் கரைப்பதுதான் சொத்தை. உலோகத்தில் அந்தத் தாதுக்கள் இல்லை. ஆனால் இதை வைத்து, இழந்த பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் பொருத்திய இடத்தில் இனி நோயே வராது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. நோய் வருவது உலோகத்துக்கு அல்ல. அதைச் சுற்றியிருக்கும் ஈறுக்கும், அதைப் பிடித்திருக்கும் எலும்புக்கும். அந்த நோய் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதைத் தடுக்க ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியவை ஏன் என்பதும் புரியும்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். இம்ப்ளான்டில் மூன்று பகுதிகள் உண்டு. தாடை எலும்புக்குள் திருகப்படும் டைட்டானியத் திருகு ஒன்று. அதன் தலையில் பொருத்தி, ஈறைத் தாண்டி வெளியே வரும் இணைப்புத் துண்டு இரண்டாவது. அதன்மேல் வைக்கும் பல் வடிவ உறை மூன்றாவது. நம் ஊரில் இதைக் கேப் என்பார்கள். இந்த உறையை இணைப்புத் துண்டோடு திருகாணி போட்டு முடுக்கலாம், அல்லது பசைபோன்ற பல் சிமென்ட்டால் ஒட்டலாம்.

உலோகத் திருகை எலும்பு ஏற்றுக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயல்களின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக அவர் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைப் பிறகு கழற்ற முடியவில்லை. எலும்பு அதோடு இறுகியிருந்தது. 1965இல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முறையாக டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். அந்த இம்ப்ளான்ட்கள் லார்சனின் வாழ்நாள் முழுவதும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல், உழைத்தன.

இதற்குக் காரணம் டைட்டானியத்தின் மேற்பரப்பு. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிறது. உடல் திசுக்களோடு எளிதில் வினைபுரியாத உறுதியான படலம் அது. கீறல் விழுந்தாலும் உடனே மீண்டும் உருவாகிவிடும். எலும்பு செல்கள் இந்தப் படலத்தை ஒட்டி வளர்கின்றன. ஆகவே எலும்புக்குள் இருக்கும் பகுதியில் இம்ப்ளான்டின் பிடிப்பு மிக வலுவானது.

பலவீனம் மேலே, ஈறு இருக்கும் இடத்தில் இருக்கிறது.

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றிச் சிமென்டம் என்ற மெல்லிய அடுக்கு உண்டு. ஈறிலிருந்தும் எலும்பிலிருந்தும் வரும் நார்கள் அந்த அடுக்குக்குள்ளேயே ஊன்றி நிற்கின்றன. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே தசைநார் அடுக்கு ஒன்றும் இருக்கிறது. அதிலிருந்து ஈறுக்கு ரத்தம் போகிறது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அந்த ரத்தத்தோடுதான் வந்து சேர்கின்றன. இம்ப்ளான்டில் சிமென்டமும் இல்லை, அந்தத் தசைநாரும் இல்லை. ஈறு நார்கள் உலோகத்துக்குள் ஊன்ற முடியாது. சட்டையின் கழுத்துப்பட்டிபோல அதைச் சுற்றி வளைந்தும், அதற்கு இணையாகவும் மட்டுமே ஓடுகின்றன. உலோகத்தை ஒட்டிய பகுதியில் ரத்த நாளங்களும் குறைவு. ஆக, வாய்க்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் தடுப்பு இங்கே இயற்கைப் பல்லில் இருப்பதைவிடத் தளர்வானது.

இந்தத் தடுப்புக்கு வெளியே நிற்பவை பாக்டீரியாக்கள். மனித வாயில் இதுவரை எழுநூறுக்கு மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. அவை தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாக வாழ்கின்றன. இந்த அமைப்புக்கு உயிர்ப்படலம் என்று பெயர். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் பிசுபிசுவென்று தட்டுப்படுவது அதுதான்.

உயிர்ப்படலம் படிப்படியாக வளர்கிறது. எவ்வளவு சுத்தமாகத் துலக்கினாலும், சில நிமிடங்களில் எச்சில் புரதங்கள் பல்லின்மீதும் டைட்டானியத்தின்மீதும் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அதில் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். பெரிய தொல்லை தராதவை. அவற்றின்மேல் ஃபியூசோபாக்டீரியம் போன்றவை வந்து சேர்கின்றன. முன்பு வந்தவற்றோடும் பின்னால் வருபவற்றோடும் பிணையக்கூடியவை இவை. படலம் தடிக்கத் தடிக்க அதன் அடியில் ஆக்சிஜன் குறைகிறது. அப்போது ஆக்சிஜன் வேண்டாத போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற இனங்கள் தலையெடுக்கின்றன. இவை புரதத்தைச் சிதைத்து உண்பவை. அழற்சி வந்த ஈறிலிருந்து கசியும் நீரும் ரத்தமும் இவற்றுக்கு உணவு. அதனால் அழற்சி பாக்டீரியாவை வளர்க்கிறது. பாக்டீரியா அழற்சியை வளர்க்கிறது.

பரப்பு சொரசொரப்பாக இருந்தால் படலம் அதிகமாகவும் விரைவாகவும் சேரும். எலும்புக்குள் போகும் திருகை வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்கிறார்கள், எலும்பு நன்றாகப் பற்ற வேண்டும் என்பதற்காக. ஈறுப் பகுதியில் வரும் இணைப்புத் துண்டை வழுவழுப்பாக வைக்கிறார்கள். சிக்கல் எப்போது என்றால், எலும்பு கரைந்து திருகின் மரைகள் வெளியே தெரியத் தொடங்கும்போது. எலும்புக்கு உதவிய அதே சொரசொரப்பு இப்போது பாக்டீரியாவுக்கு உதவுகிறது. அந்த மரைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வது நிபுணர்களுக்கே கடினம்.

ஈறு அழற்சிக்கு உயிர்ப்படலமே காரணம் என்பதை 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ குழுவினர் எளிய சோதனையால் காட்டினார்கள். ஈறு நன்றாக இருந்த பன்னிரண்டு பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சரியானது. 2012இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த ஜியோவானி சால்வி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாயில் இயற்கைப் பல்லையும் இம்ப்ளான்டையும் இதேபோல ஒப்பிட்டார்கள். மூன்று வாரம் சுத்தம் செய்யாமல் விட்டதில் இம்ப்ளான்டைச் சுற்றிய ஈறு பல்லைச் சுற்றிய ஈறைவிட அதிகமாக அழன்றது. பிறகு மூன்று வாரம் ஒழுங்காகச் சுத்தம் செய்தும் ஈறு பழைய நிலையை முழுதாக எட்டவில்லை. மீள இன்னும் அதிக காலம் தேவைப்பட்டது.

இம்ப்ளான்டைச் சுற்றி வரும் நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்துக்கு மியூகோசைட்டிஸ் என்று பெயர். ஈறு மட்டும் சிவந்து வீங்கும். தொட்டால் ரத்தம் கசியும். எலும்புக்குச் சேதம் இல்லை. இது திரும்பக்கூடிய நிலை. இரண்டாவது கட்டம் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். இதில் எலும்பும் கரைகிறது, பெரும்பாலும் திருகைச் சுற்றிக் கிண்ணம்போலக் குழிந்து. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. முதல் கட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையிலான இந்த வேறுபாடுதான் பராமரிப்பு முழுவதற்கும் அடிப்படை. 2015இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த கணிப்பு ஒன்றின்படி, இம்ப்ளான்ட் வைத்தவர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேரிடம் முதலாவதும், 22 சதவீதம் பேரிடம் இரண்டாவதும் காணப்பட்டது. ஒவ்வோர் ஆய்வும் நோயை வரையறுத்த விதத்தைப் பொறுத்து இந்த எண் மிகவும் ஏறியிறங்குகிறது. எனினும் அரிதான நோயல்ல என்பது தெளிவு.

இது பெரும்பாலும் வலிக்காது. இம்ப்ளான்ட் ஆடவும் செய்யாது, ஏனென்றால் மேலே எலும்பு கரைந்தாலும் கீழே இருக்கும் எலும்பு அதை இறுகப் பிடித்திருக்கும். ஆடத் தொடங்கினால் அநேகமாகக் காப்பாற்ற முடியாத நிலை வந்துவிட்டது என்று பொருள். ஆகவே வலியையோ ஆட்டத்தையோ எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. துலக்கும்போது அந்த இடத்தில் வரும் ரத்தம்தான் முதல் அறிகுறி. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவது பலரின் வழக்கம். அப்படி விட்டால் படலம் இன்னும் தடிக்கும்.

எல்லாருக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. முன்பு ஈறு நோயால் பற்களை இழந்தவர்களுக்கு அதிகம். அவர்களின் மற்றப் பற்களைச் சுற்றியிருக்கும் பாக்டீரியாக்கள் இம்ப்ளான்டுக்கும் பரவும். அந்நோய்க்கு இடம்கொடுத்த உடல்வாகும் மாறுவதில்லை. புகைபிடிப்பவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஈறுக்குள் வழிந்து தங்கிவிட்ட சிமென்ட் துணுக்கும் நோயைத் தூண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தினமும் உயிர்ப்படலத்தைக் கலைப்பது. மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும், ஈறும் கேப்பும் சேரும் விளிம்பில் துலக்க வேண்டும். பக்கவாட்டு இடைவெளிக்கு, இடைப்பல் பிரஷ் என்று மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு பிரஷ் உதவும். அதன் நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்கட்டும். எந்த அளவு பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. பல் இடுக்கு நூல் பயன்படுத்துவோர், அதன் இழை திருகின் சொரசொரப்பான பகுதியில் சிக்கி அறுந்து தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊக்கு, குண்டூசி ஆகியவற்றால் குத்தும் பழக்கம் இங்கே அறவே கூடாது. கரி, சாம்பல், கொரகொரப்பான பொடிகள் கேப்பின் மெருகைத் தேய்த்து, படலம் ஒட்ட இடம் செய்து தருகின்றன. ஃப்ளூரைடு டைட்டானியத்தை அரிக்கும் என்ற பேச்சும் இருக்கிறது. அமிலத்தன்மை மிகுந்த, ஃப்ளூரைடு செறிவான ஜெல் விஷயத்தில் அது பொருந்தும். அன்றாடம் துலக்கும் சாதாரணப் பற்பசைக்காகப் பயப்பட வேண்டியதில்லை. மற்றப் பற்களுக்கு அந்த ஃப்ளூரைடு தேவை. வாய் கொப்பளிக்கும் மருந்து பிரஷ்ஷுக்கு மாற்றாகாது. படலத்தின் பிசின் மருந்தை உள்ளே எளிதில் விடாது. மாத்திரை மட்டும் போட்டு இந்த நோயை ஆற்ற முடியாததற்கும் அதுவே முக்கியக் காரணம்.

மருத்துவமனையின் பங்கு கேப் பொருத்திய நாளிலேயே தொடங்குகிறது. அன்று எடுக்கும் எக்ஸ்ரேயும், ஈறைச் சுற்றி மெல்லிய அளவுகோலால் எடுக்கும் ஆழமும்தான் பிற்கால ஒப்பீட்டுக்கு அடிப்படை. தொடக்கப் பதிவு இல்லாவிட்டால் எலும்பு எவ்வளவு கரைந்தது என்று பிறகு சொல்வது கடினம். சுத்தம் செய்யும்போது சாதாரண எஃகு முனைகள் டைட்டானியத்தைக் கீறக்கூடும். அதனால் டைட்டானிய, பிளாஸ்டிக் முனைகளையும், கிளைசின் அல்லது எரித்ரிட்டால் நுண்பொடியைக் காற்றோடும் நீரோடும் பீய்ச்சும் கருவிகளையும் பயன்படுத்துகிறார்கள். இப்படிப்பட்ட தொடர் பராமரிப்பு எவ்வளவு பயன் தருகிறது என்பதற்கு, 2012இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்று சான்று. மியூகோசைட்டிஸ் இருந்தவர்களை ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எலும்பு பாதித்திருந்தது. வராதவர்களில் அது 43.9 சதவீதம்.

இம்ப்ளான்ட் நல்ல சிகிச்சை. நன்றாக மெல்ல முடியாமல் தவித்த எத்தனையோ பேருக்கு அது சாப்பாட்டைத் திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் வைக்கும் முன் நடக்கும் பேச்சு பெரும்பாலும் விலையோடும் உலோகத்தின் உறுதியோடும் நின்றுவிடுகிறது. இடைப்பல் பிரஷ் நுழைய இடமிருக்கும்படி கேப்பை வடிவமைப்பார்களா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்பவையும் அப்போதே பேசப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். முதியவர்கள் விஷயத்தில் இன்னும் ஒரு கேள்வி உண்டு. மூட்டு வாதத்தாலோ பக்கவாதத்தாலோ கை ஓயும்போது பல் துலக்கிவிடப் போவது மகளோ மருமகளோ பேரனோ. வாயில் எந்தப் பல் இம்ப்ளான்ட், அதன் தயாரிப்பாளர் யார், அளவு என்ன, கேப்பைத் திருகினார்களா ஒட்டினார்களா என்ற விவரத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்து வீட்டில் வைத்திருந்தால், அவர்களுக்கும் பின்னால் பார்க்கப்போகும் வேறு மருத்துவருக்கும் வேலை எளிதாகும்.