இலவச மென்பொருளுக்கும் கையேடு வேண்டும்

'ஸ்குவிட்' என்ற இலவச மென்பொருள் 1996 முதல் பாவனையில் உள்ளது. அலுவலகக் கணனிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, எவர் எந்தத் தளத்துக்குப் போகலாம் என்று தீர்மானிப்பது இதன் வேலை. அனுமதி விதிகளை மேலிருந்து கீழாக வாசிக்கும். முதலில் பொருந்தும் விதியே செல்லும். ஒரு வரி இடம் மாறினால், பூட்டிய கதவு திறந்துவிடும்.

இத்தகைய கருவியின் அமைப்புக் கோப்பில் முன்பு விளக்கங்களும் கலந்து ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தன. தேவையான நாலு வரியைத் தேடுவதே பெரும்பாடு. 2010இல் வந்த 3.1 பதிப்பில் இதைச் சீர்செய்தார்கள். வேலைக்கு வேண்டிய சில வரிகள் ஒரு கோப்பில். முழு விளக்கம் வேறொரு கோப்பில்.

என்னைக் கேட்டால், புதிய வசதிகளைவிட இந்தத் திருத்தமே சிறு வியாபாரிக்குப் பெரிய உதவி. இலவசம் என்று பொருத்திக்கொள்கிறோம். பொருத்திய இளைஞர் வெளிநாடு போய்விட்டால், எந்த வரி எதற்கென்று கடையில் எவருக்கும் தெரியாது. ஆகவே, எந்தெந்த வரியை ஏன் மாற்றினார் என்று தமிழில் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். தாள் கைக்கு வந்த பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.