கண்டதனால்தான் நம்பினார்களா?

தெய்வம் உண்டா என்ற விவாதம் எழும்போதெல்லாம் நம்முடைய உபந்நியாசகர்கள், கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக்கரையில் ராணி ராஸ்மணி எழுப்பி 1855இல் பிரதிஷ்டை செய்வித்த தக்ஷிணேசுவரம் காளி கோயிலுக்கு நம்மை அழைத்துப் போய்விடுகிறார்கள். கடவுளைக் கண்டதுண்டா என்று நரேந்திரர் கேட்டார், கண்டிருக்கிறேன் என்றார் ராமகிருஷ்ண பரமஹம்ஸர், பிறகு ஒரு ஸ்பரிசம், நாஸ்திகர் விவேகானந்தரானார். ஆகவே அநுபவமே மூலம், விசுவாசம் அதன் விளைவு. அநுபவம் பெற்றவனுக்குச் சந்தேகம் இல்லை, பெறாதவனுக்குப் பேச யோக்கியதை இல்லை என்பது அவர்கள் முடிவு. பரமஹம்ஸரிடம் எனக்குள்ள பக்தி எவருக்கும் குறைந்ததன்று. ஆயினும் அந்தக் கோயிலில் நடந்தவை இந்த முடிவுக்குச் சாட்சி சொல்லவில்லை.

முதலில், நரேந்திரர் நாஸ்திகராக வந்தவரே அல்லர்; அவர் பிரம்ம ஸமாஜத்தில் சேர்ந்து, உருவமற்ற ஏக ஈசுவரனை உபாஸித்துக்கொண்டிருந்த வாலிபர். பரமஹம்ஸரின் கால் பட்டதும் சுவர்களும் உலகமும் சுழன்று மறைய, வீட்டில் தாய் தந்தையர் இருக்கிறார்களே என்று அலறிய அவர், தெளிந்த பிறகு எண்ணியது தெய்வத்தைப் பற்றி அன்று. இது மனோவசியமோ, இனி இதற்கு இடம் கொடுக்கலாகாது என்றுதான். பின்னொரு நாள், குடமும் கடவுளோ என்று பரிகாசம் செய்தவரை மீண்டும் தொட்டபோது, பல நாள் எல்லாம் பிரம்ம மயமாகத் தோன்ற, கார்ன்வாலிஸ் ஸ்குவேர் இரும்பு வேலியில் தலையை மோதி, அது நிஜந்தானா என்று பார்த்தார். இத்தனைக்கும் பிறகும் அவர் காளியை ஏற்கவில்லை. 1884இல் தந்தை இறந்து, குடும்பம் பசியில் வாடிய நாட்களுக்குப் பின்னரே அவளிடம் தலை வணங்கினார். அவளோடு தாம் ஆறு வருஷம் போராடியதாகப் பிற்காலத்தில் தம் சிஷ்யை நிவேதிதையிடம் சொன்னவரும் அவரே. ஒரு ஸ்பரிசத்தில் முடிந்த காரியமா இது?

குருவின் கதையோ இன்னும் தெளிவானது. காளியைப் பாடிய ராமப்பிரஸாதருக்குக் காட்சியளித்தவள் எனக்கு ஏன் அளிக்கவில்லை என்று அழுது, வாளை எடுத்து உயிரை மாய்க்கத் துணிந்த நிலையில்தான் அந்த ஒளிவெள்ளம் அவரை ஆட்கொண்டது. அவள் இருக்கிறாள் என்பதில் உறுதியில்லாதவன் அவள் வராததற்காக வாளை எடுப்பானா? 1866இல் இஸ்லாமிய ஸாதனை புரிந்தபோது அல்லாவின் நாமத்தை ஜபித்து, அம்மரபின் உடை உடுத்து, ஹிந்து தெய்வங்களைப் பார்க்கவும் மனமின்றி இருந்தார். மூன்று நாளில் அந்த மார்க்கத்தின் பலன் கிட்டியது. யது மல்லிக்கின் தோட்ட வீட்டில் மாதாவும் குழந்தையுமான படத்தின் முன் நேர்ந்தது மட்டும் தேடாமல் வந்ததாகத் தோன்றும். ஆனால் சம்பு சரண் மல்லிக் அவருக்குப் பைபிள் வாசித்துக் காட்டியிருந்ததை மறக்கலாகாது. எங்கும் சிரத்தை முன்னே செல்ல, தரிசனம் பின்னே வந்தது.

எதிர்வாதிகளுக்கு அநுகூலமான உதாரணத்தை, அவர்கள் எடுத்துக்காட்டாதபோதிலும், நானே தருகிறேன். தேவேந்திரநாத தாகூர் பதினெட்டு வயதில், பாட்டியின் அந்திம காலத்தில், நிமதலாப் படித்துறை அருகே முரட்டுப் பாயில் அமர்ந்திருக்கையில், காரணமற்ற பேரானந்தம் ஒன்றை அடைந்தார். இங்கே அநுபவம் முந்தியது, வாஸ்தவம். ஆனால் அது மறைந்து, கடுந்துயரமே எஞ்சியது. மேனாட்டுத் தத்துவ நூல்களைப் புரட்டி, யுக்தியால் ஈசுவரனை நிச்சயித்து, பிறகு காற்றில் பறந்துவந்த ஈசோபநிஷத்தின் ஓர் ஏட்டுக்கு ராமசந்திர வித்யாவாகீசர் பொருள் சொல்லக் கேட்ட பின்னரே அவர் மனம் நிலைகொண்டது. அந்த ஆனந்தம் அவரைத் தேடத் தூண்டியது. தேடிய பொருளைக் கையில் கொடுக்கவில்லை.

இதைக் கொண்டு, அநுபவமெல்லாம் நரம்புக் கோளாறு என்று முடிப்பவரோடும் நான் சேரேன். பிரம்ம ஸமாஜத்து சிவநாத சாஸ்திரி அப்படித்தான் கருதினார். ஜடத்தையே நினைப்பவர்கள் ஸ்வஸ்தமாக இருக்க, சைதன்யத்தை நினைத்து நான் பித்தனாவேனோ என்று பரமஹம்ஸர் திருப்பிக் கேட்டதற்கு இன்னும் எவரும் தக்க விடை சொன்னதாகத் தெரியவில்லை.

இனி, அநுபவம் பெறாதவனுக்குப் பேச யோக்கியதை இல்லை என்ற விஷயம். 1876இல் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய டாக்டர் மகேந்திரலால் ஸர்க்கார், 1885இல் சியாம்புகூர் வீட்டில் பரமஹம்ஸருக்கு வைத்தியம் செய்தார். துர்க்கா பூஜைச் சமயத்தில் நேர்ந்த ஸமாதியின்போது அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இருதயத்தைச் சோதித்தார். உடனிருந்த மற்றொரு வைத்தியர் திறந்திருந்த விழியை விரலால் தொட்டும் இமை அசையவில்லை. கடவுளை நம்பிய ஸர்க்கார், அதற்குப் பின்னும் ஒரு மனிதரை அவதாரமென்று வணங்குவதை ஒப்பவில்லை. வேறு நோயாளிகள் காத்திருக்க மணிக்கணக்கில் அங்கே உட்கார்ந்து தர்க்கம் செய்தார். சீடர்களான கிரீஷ் கோஷும் நரேந்திரரும் அவரோடு மல்லுக்கட்ட, தொண்டைப் புண்ணால் பேசவே கூடாதென்றிருந்த பரமஹம்ஸர் அந்த வாதத்தை ரஸித்துக் கேட்டார். டாக்டர் வரத் தாமதித்தால் அவரைப் பற்றி விசாரிக்கவும் செய்தார்.