முதலில் செத்தவர் கடைக்காரர்

நியூயார்க்கில் ஒரு சின்னக் கடை. இரவு நேரம். திருடன் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக் கடைக்காரரை மிரட்டிக்கொண்டிருக்கிறான். வாட்டசாட்டமான போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். அப்பாடா என்றிருக்கிறது கடைக்காரருக்கு. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. வந்தவர் கொன்றது அவரைத்தான். வெளியே வந்த திருடனை மற்ற போலீஸார் சுட்டுவிடுகிறார்கள். உள்ளே ஒரு பிணம், வெளியே ஒரு பிணம். ஊரைப் பொறுத்தவரை கேஸ் முடிந்தது.

1990இல் வந்த ‘மேனியாக் காப் 2’ படத்தின் தொடக்கத்திலேயே வரும் காட்சி இது. வில்லியம் லஸ்டிக் இயக்கம், லாரி கோஹன் எழுத்து. சிக்கனமாக எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் தியேட்டர் வாசலை மிதிக்காமல் நேரே வீடியோ கேசட்டாகப் போன இரண்டாம் பாகம். செத்தும் சாகாத போலீஸ்காரர் ஊரைப் பழிவாங்கும் கதை என்று சொன்னால், ‘பேய்ப் படமா?’ என்று கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள். ஆனால் கோடிகளைக் கொட்டி எடுக்கும் நம் போலீஸ் படங்களில் பெரும்பாலானவை வாய் திறக்காத ஒரு விஷயத்தை இந்த மலிவுப் படம் போகிறபோக்கில் சொல்லிவிட்டது.

நம்மிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ‘கோர்ட்டு கேஸு எல்லாம் எதுக்கு சார்? நாலு பேரைச் சுட்டா எல்லாம் சரியாயிடும்.’ டீக்கடையில் ஒருவர் இதைச் சொன்னால், பக்கத்து பெஞ்சுக்காரர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. போலீஸ் பிடித்த ஒருவனைக் கையில் மாவுக்கட்டோடு டிவியில் காட்டினால், ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம்’ என்று சிரிக்கிறோம். படித்தவர்கள் அதையே மீம் ஆக்கி அனுப்புகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டத்தை மீறுகிற அதிகாரி ஆளை மட்டும் தப்பாகப் பிடிக்கவே மாட்டார் என்பதுதான் இந்தப் பேச்சின் அஸ்திவாரம். சினிமாவில் இது சுலபம். வில்லன் கொலை செய்வதை இடைவேளைக்கு முன்பே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். ஹீரோ சுடும்போது கண்ணால் கண்ட சாட்சியாகத் தியேட்டரே உட்கார்ந்திருக்கிறது. நிஜத்தில் அந்த முதல் பாதியை நம்மில் யாரும் பார்த்ததில்லை.

லஸ்டிக்கின் போலீஸ்காரர் மேட் கார்டெலுக்குக் கோபப்படக் காரணம் இருக்கிறது. ஊழலைத் துருவப்போய், மேலிடத்துச் சதியில் சிங் சிங் சிறைக்குப் போனவர். அங்கே கைதிகள் அவரைக் குதறிப்போடுகிறார்கள். இப்படிப்பட்ட முன்கதை நம் இயக்குநர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அறிமுகப் பாட்டும் ஸ்லோமோஷன் நடையும் உறுதி. லஸ்டிக் என்ன செய்தார்? 1988இல் வந்த முதல் பாகத்தில், ரவுடிகளிடமிருந்து தப்பி ஓடும் பெண் பூங்காவில் போலீஸ் உடுப்பைப் பார்த்து அதை நோக்கி ஓடுகிறாள். கழுத்து முறிகிறது. கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கப் பீதி. ரிப்பேராகி நின்ற காரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், உதவி செய்ய வந்த அப்பாவிப் போலீஸ்காரரைப் பயத்தில் சுட்டுக்கொல்கிறாள். இரண்டாம் பாகத்தில் கார்டெல், போலீஸ் துறையின் மனநல அதிகாரியான பெண்ணை ஸ்டியரிங்கோடு சேர்த்து விலங்கு பூட்டிக் காரைச் சரிவில் ஓடவிடுகிறார். அவள் காருக்கு வெளியே, ஜன்னல் வழியாகக் கை மாட்டிக்கொண்டு இழுபட்டுப் போகிறாள். கணினி வித்தை கிடையாது; உயிரைப் பணயம் வைத்த ஸ்டண்ட். பிறகு காவல் நிலையத்துக்குள்ளேயே புகுந்து சக போலீஸாரை வரிசையாகச் சுட்டுத் தள்ளுகிறார். இவரைப் பார்த்து உச்சி குளிர்கிறவன் படத்தில் ஒரே ஒருவன்தான். அவன் பெண்களைத் தேடித் தேடிக் கொல்லும் தொடர்கொலைகாரன்.

ஹாலிவுட்டின் பெரிய தலைகளுக்கும் இந்த உறுத்தல் இருந்தது. சட்டத்தை மீறும் போலீஸ்காரர் ஹாரியை நாயகனாக்கிய ‘டர்ட்டி ஹாரி’ 1971இல் வந்தபோது அதில் பாசிச வாடை அடிக்கிறது என்றார் விமர்சகர் பாலின் கேல். 1973இல் வந்த அடுத்த பாகமான ‘மேக்னம் ஃபோர்ஸ்’ படத்தில், ஹாரிக்கு எதிரிகளே சட்டத்துக்கு வெளியே நின்று தீர்ப்பெழுதும் போலீஸார். தண்டனையில் தப்பிய தாதாவைக் கொன்று ஆரம்பிக்கிறார்கள். கொஞ்ச நாளில், பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட சக போலீஸ்காரனும் காலி.

நம்மூர்க் கதைக்கு வருவோம். 2019 டிசம்பர் 6 அதிகாலை, ஹைதராபாத் அருகே, பெண் கால்நடை மருத்துவரை வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. குற்றப்பத்திரிகைகூடத் தாக்கலாகவில்லை. சுட்ட இடத்தில் ஜனங்கள் போலீஸார்மேல் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு தப்ப முயன்றார்கள் என்ற போலீஸ் கதையை அது நம்பவில்லை. 10 போலீஸார்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. செத்த நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. பூ தூவிய படங்கள் போன வேகத்தில் இந்த அறிக்கை போகவில்லை.

கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுக்கிறது, சாட்சி பிறழ்கிறான், பெரிய இடத்துப் பிள்ளை ஜாமீனில் வருகிறான் என்பீர்கள். எல்லாம் வாஸ்தவம். அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. அதற்கு நீதிபதிகளை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம், தடய அறிவியல் ஆய்வகங்களை அதிகப்படுத்தச் சொல்லலாம். துப்பாக்கி இதில் எதையும் செய்வதில்லை. துப்புத் துலக்கும் வேலையைத்தான் மிச்சப்படுத்துகிறது. செத்தவனுக்காக வாதாட வக்கீல் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. போலீஸ் பிடித்துவந்த ஆள் தப்பான ஆள் என்றால், செய்தவன் அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கலாம். 2014இல் உச்ச நீதிமன்றம் என்கவுன்டர்களுக்கு வகுத்த விதிகளில் ஒன்று, சுட்ட கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக்கூடாது என்பது. எழுதிவைக்க வேண்டிய நிலைமை இருந்ததால்தானே எழுதினார்கள்?

2017 செப்டம்பரில் குருகிராம் பள்ளி ஒன்றின் கழிவறையில் 7 வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநரைப் போலீஸ் பிடித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றது. நாடே கொதித்தது. வழக்கு சிபிஐக்குப் போனது. கேமரா பதிவுகளைப் பார்த்தவர்கள் நவம்பரில் அதே பள்ளியின் 11ஆம் வகுப்பு மாணவனைப் பிடித்தார்கள். நடத்துநர் ஜாமீனில் வெளியே வந்தார். 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. அவர் கைதான வாரத்தில் யாராவது அவரைச் சுட்டிருந்தால், நாம் பூ தூவியிருப்போம்.