டெயா, ஹெட்டா?

டச்சுக் குடியுரிமை பெற்றவரைக் கைப்பிடித்து நெதர்லாந்தில் குடித்தனம் நடத்த விரும்பும் இந்தியப் பெண்ணுக்கு, தாலியும் பாஸ்போர்ட்டும் மட்டும் போதாது. புறப்படும் முன்பே டச்சு மொழித் தேர்வில் தேற வேண்டும். 2006இல் வந்த விதி இது. பேசுதல், வாசித்தல், டச்சு சமூக அறிவு என்று மூன்று தாள்கள். (உயர்திறன் பணியாளர் விசாவில் செல்பவரின் மனைவிக்கு விலக்கு உண்டு.) கேட்பது தொடக்க நிலை டச்சுதான். ஆனால் தோற்றால் தம்பதிகள் பிரிந்தே இருக்க வேண்டியதுதான்.

முதல் தலைவலி பெயர்ச்சொல். ஆங்கிலத்தின் 'தி'க்கு டச்சில் இரண்டு சொற்கள்: 'டெ', 'ஹெட்'. மேஜை 'டெ டாஃபெல்'. புத்தகம் 'ஹெட் புக்'. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது. நம்பக்கூடிய விதிகள் இரண்டு. பன்மை என்றால் எல்லாமே 'டெ'. சிறியது என்று காட்டும் 'யெ' விகுதி வந்தால் 'ஹெட்'. அதனால்தான் பெண்மணி 'டெ ஃப்ரௌ', சிறுமியோ 'ஹெட் மெய்ஸ்யெ'. சிறுமியை அஃறிணை ஆக்கிவிட்டார்களே என்று கோபப்பட வேண்டாம். தமிழிலும் குழந்தை 'அழுதது' தானே?

அடுத்தது வினைச்சொல். சாதாரண வாக்கியத்தில் அதற்கு இரண்டாவது இடம் நிரந்தரம். 'இக் டிரிங்க் கோஃபி' என்றால் நான் காபி குடிக்கிறேன். 'இப்போது' என்பதற்கான 'நூ'வை முன்னால் போட்டால் 'நூ டிரிங்க் இக் கோஃபி'. வினை அசையாது, 'நான்' பின்னால் போய்விடும். ஆங்கிலப் பழக்கத்தில் 'நூ இக் டிரிங்க்' என்று சொல்லித்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஆங்கிலேயரை அழவைக்கும் இடம் ஒன்று இந்தியருக்குச் சாதகம். 'ஏனென்றால்' என்று பொருள்படும் 'ஒம்டட்' வந்தால் வினை கடைசிக்கு ஓடிவிடும்: 'ஒம்டட் இக் கோஃபி டிரிங்க்'. நான், காபி, குடிக்கிறேன். அப்படியே தமிழின் வரிசை, இந்தியின் வரிசை. 'குடிக்க விரும்புகிறேன்' என்பதிலும் 'குடிக்க' கடைசியில்தான்: 'இக் வில் கோஃபி டிரிங்கென்'.

'டெ', 'ஹெட்' மாறினாலும் சொன்னது புரிந்துவிடும். வினை இடம் மாறினால் கேட்பவர் தடுமாறுவார். எனவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் 'டெ' அல்லது 'ஹெட்'டோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதும், வினையின் இடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதும் நல்லது.

விமானம் ஏறியதும் புத்தகத்தை மூடிவிட முடியாது. 2022இல் வந்த சட்டப்படி, போய்ச் சேர்ந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் இன்னும் உயர்ந்த நிலையை எட்ட வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி அதேதான்: டெயா, ஹெட்டா?