பாதிப் பார்வையோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பக்கவாதம் வந்து பிழைத்தவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கை தூக்க முடிகிறதா, பேச்சு தெளிந்ததா, தானாக எழுந்து நடக்கிறாரா? பார்வை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. மருத்துவமனையும் பல நேரங்களில் கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை அளவு இருக்கிறது, கை காலின் வலு ஐந்துக்கு எத்தனை என்பதும் இருக்கிறது. நோயாளிக்கு உலகத்தின் ஒரு பாதி தெரியவில்லை என்பது மட்டும் எழுதப்படாமல் போகிறது. இதற்குக் குறைந்த செலவில் பயிற்சி உண்டு. அதைக் கணினியிலேயே கொடுக்கலாம். அந்தப் பயிற்சியைத் தமிழில், இலவசமாக, வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் பொறுப்பைத் தமிழக அரசு ஏற்க வேண்டும்.

இந்தக் குறை ஏன் கண்ணில் படாமல் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கண் வாங்கும் ஒளியைக் காட்சியாக்குவது பிடரிப் பக்கத்து மூளை. அங்கே வலப்புறம் ரத்தம் அடைபட்டால் இரண்டு கண்களிலும் இடப்பாதி போய்விடும். இடப்புறம் அடைபட்டால் வலப்பாதி. நோயாளிக்கு இது இப்படித் தோன்றாது. ‘இடது கண்ணு தெரியல’ என்பார். வீட்டார் கண் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். எழுத்து அட்டையில் கடைசி வரி வரை அவர் தடையில்லாமல் வாசித்துவிடுவார், ஏனென்றால் நேர்ப்பார்வை பல பேருக்குத் தப்பிவிடுகிறது. ‘கண்ணில் ஒரு கோளாறும் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சிலருக்குப் புதுக் கண்ணாடி எழுதித்தருவதும், இருக்கிற புரையை எடுத்துவிட்டால் சரியாகும் என்பதும் உண்டு. வீடு திரும்பியவர் மறுபடியும் அதே நிலைப்படியில் அதே தோளை இடித்துக்கொள்வார்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளிக்கு எதிரே ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ‘என் மூக்கையே பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்கமாக விரலை அசைத்துக் காட்டினால் போதும். இரண்டு நிமிட வேலை. பிறகு துல்லியமான அளவு தேவையென்றால், கண்நீர் அழுத்த நோயாளிகளுக்குச் செய்யும் ஃபீல்டு டெஸ்ட் கருவி அரசு மருத்துவக் கல்லூரிகளின் கண் பிரிவில் இருக்கிறது. பக்கவாத வார்டிலிருந்து அந்தக் கண் பிரிவுக்குப் போகும் பாதைதான் இல்லை.

இதைவிட விசித்திரமான இன்னொரு குறை உண்டு. வலப்பக்க மூளையின் பக்கச்சுவர்ப் பகுதி பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தும் மனதில் பதியாது. வாழை இலையில் சாப்பாடு போட்டால், இடது ஓரத்து உப்பும் ஊறுகாயும் கூட்டும் வைத்தபடியே இருக்கும். வலப்பக்கத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ‘கூட்டு வைக்கலியா?’ என்று கேட்பார். முகத்தில் பாதிக்கு மட்டும் சவரம் செய்வார். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலது அரைவட்டத்துக்குள் நெருக்கி அடுக்குவார். தனக்கு ஒரு குறை இருப்பதே அவருக்குத் தெரியாது. வீட்டில் இதைப் பிடிவாதம் என்றோ, ‘புத்தி தடுமாறிடுச்சு’ என்றோ எடுத்துக்கொள்கிறார்கள்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஃபியோனா ரோவ் தலைமையில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து பரிசோதிக்க முடிந்தவர்களில் 60 விழுக்காட்டினருக்குப் புதிதாக ஏதாவது ஒரு பார்வைக் கோளாறு இருந்தது. பார்வைப் புலத்தில் பாதி போவது, கண் அசைவு கெடுவது, ஒரு பக்கத்தில் கவனம் போவது எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பக்கவாதம் வருகிறது. அதில் எத்தனை பேர் பார்வைக் குறையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியாவது கவலையோடு நிறுத்திக்கொள்ளலாம். கை கால் நன்றாக இருப்பதால் மூன்றாம் வாரமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்புகிறவர்தான் நம்மை அதிகம் அச்சுறுத்துகிறார். இடப்பக்கத்துச் சந்திலிருந்து வரும் வேன் அவருக்கு இல்லவே இல்லை. ‘வண்டி ஓட்டக் கூடாது’ என்று அவரிடம் யாரும் எழுத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி கணினிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும்.

கணினிப் பயிற்சியில் இரண்டு வழிகள் உண்டு. போன பார்வையை மீட்டுத்தருகிறேன் என்பது ஒன்று. இருக்கிற பார்வையைக் கொண்டு இழந்த பக்கத்தைத் தேடப் பழக்குகிறேன் என்பது மற்றொன்று. முதல் வழிதான் முதலில் உலகப் புகழ் பெற்றது. ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் எரிக் காஸ்டன், பெர்ன்ஹார்ட் சாபெல் குழுவினர் நோயாளிகளைத் தினமும் ஒரு மணி நேரம் என ஆறு மாதம் திரைமுன் உட்கார வைத்தார்கள். நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, தெரிகிற பகுதிக்கும் தெரியாத பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லையில் மின்னும் ஒளிப்பொட்டைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளின் பார்வை எல்லை சராசரியாக ஏறக்குறைய 5 டிகிரி விரிந்தது என்று 1998-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் அறிவித்தார்கள். 2003-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த முறையை விற்க அனுமதி கொடுத்தது. சில ஆயிரம் டாலர் விலையில் சந்தைக்கு வந்தது.

அதே ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தினர் ஒரு சந்தேகம் கிளப்பினார்கள். நடுப்புள்ளியைப் பார்ப்பதாகச் சொல்லும் நோயாளியின் கண், குருட்டுப் பக்கமாகத் தெரியாமல் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி நழுவினால்? எல்லை விரிந்ததுபோலத்தானே கணக்கில் தெரியும்? விழித்திரையையே லேசர் கருவியால் நேரில் பார்த்தபடி, ஒளிப்பொட்டு எங்கே விழுகிறது என்பதை உறுதிசெய்துகொண்டு 17 நோயாளிகளை அளந்தார்கள். அதே பயிற்சியை முடித்தவர்கள் அவர்கள். எல்லை நகரவில்லை. 2005-ல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு அந்தச் சிகிச்சையின் பெருமை வெகுவாகக் குறைந்தது. நோயாளிகளில் பலர் தங்களுக்கு நல்லது நடந்ததாகவே சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணை இடையறாமல் அசைக்கப் பழகியதால் வந்த நன்மையாக அது இருக்கலாம். அப்படியானால் அதையே நேரடியாகக் கற்றுக்கொடுக்கலாமே! அத்தனை டாலர் எதற்கு?

மீட்பு முயற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. குருடான பாதியில் அசைவை மட்டும் உணர முடிகிற வீரர்களை முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஜார்ஜ் ரிடாக் கண்டு, 1917-ல் எழுதினார். அந்த எச்சத்தைப் பிடித்துக்கொண்டு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டல் ஹக்ஸ்லின் குழு நகரும் புள்ளிகளைக் கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி அளிக்கிறது. பக்கவாதம் வந்த சில மாதங்களுக்குள் தொடங்கினால் பலன் விரைவாக வருகிறது என்று 2020-ல் அவர்கள் காட்டினார்கள். ஆனாலும் இது இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம்தான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: முதல் மூன்று மாதத்தில் பலருக்குப் பார்வை தானாகவே ஓரளவு திரும்பும். அந்த மூன்று மாதத்தில் எந்த எந்திரத்தை எதிரே வைத்தாலும் அதற்குப் பேர் வந்துவிடும். நாளை இங்கே யாராவது ‘மூளைப் பார்வை மீட்பு’ என்று பலகை மாட்டிக் கடை விரித்தால், குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது வழி அடக்கமானது. அரசு பணம் போட வேண்டியது இதில்தான். ம்யூனிக்கில் ஜோசஃப் ட்சில் 1980-களிலேயே தொடங்கியது. தெரியாத பக்கத்துக்குக் கண்ணைப் பெரிய தாவலாகப் பாய்ச்சவும், பிறகு அங்கிருந்து ஒழுங்காகத் தேடவும் நோயாளி பழகுகிறார். திரையில் சிதறிக் கிடக்கும் உருவங்களுக்குள் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணினி குறித்துக்கொள்ளும். பார்வைப் புலம் ஒரு டிகிரிகூட விரியாது. ஆனால் மேசையில் சாவி கிடைக்கும், தெருவைக் கடக்கும்போது தலை தானாகத் திரும்பும். 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இத்தகைய பயிற்சி வாழ்க்கைத் தரத்தை உயர்த்தக்கூடும் என்றது. சான்றுகள் வலுக் குறைந்தவை என்பதையும் மறைக்கவில்லை. மீட்புப் பயிற்சியைப் பற்றி முடிவு சொல்லவே போதிய சான்று இல்லை என்றது. இடப்பக்கக் கவனம் போனவர்களுக்கான பயிற்சிகளில் சான்று இன்னும் பலவீனம். விலை ஏறக்குறைய இல்லை, தீங்கும் இல்லை என்னும்போது இந்த அளவுச் சான்றே தொடங்கப் போதும் என்பது எங்கள் கருத்து. ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் எந்திரத்துக்கு இது போதாது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அலெக்ஸ் லெஃப் குழுவினர் இந்தப் பயிற்சிகளை இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். ‘ஐ-சர்ச்’ தேடுவதற்கு, ‘ரீட்-ரைட்’ வலப்பாதி போனவர்கள் வாசிப்பதற்கு. பின்னதில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். நம் தொலைக்காட்சிகளின் அடியில் ஓடுகிறதே செய்திப் பட்டை, அதே கதைதான். ஓடும் எழுத்தைத் துரத்தும் கண், வலப்பக்க இருட்டுக்குள் திரும்பத் திரும்பத் தாவப் பழகுகிறது. பயிற்சி மணிகள் கூடக்கூட வாசிப்பு வேகம் ஏறியது.

ஆனால் அது ஆங்கிலம். தமிழுக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது. தமிழில் சொற்கள் நீளம். பொருளை முடிவு செய்வது சொல்லின் வலக்கோடி. வலப்பாதி தெரியாதவர் மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு’ வரை பார்ப்பார், அடுத்து வருவது ‘முன்’னா ‘பின்’னா என்பது இருட்டில் இருக்கும். ‘கொடுக்கலாம்’ என்பதும் ‘கொடுக்கக் கூடாது’ என்பதும் முதல் நான்கு எழுத்தில் ஒன்றுதான். எத்தனை எழுத்துக்கு ஒரு தாவல், எந்த வேகம், எந்த அளவு எழுத்து என்பதையெல்லாம் தமிழ் வாசகர்களிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அரசிடமே இருக்கிறது. கணித்தமிழுக்கு மாநாடு கூட்டுகிற மாநிலம் இது. நரம்பியல் நிபுணர் ஒருவர், கண் இயக்கம் அறிந்தவர் ஒருவர், நிரல் எழுதுபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஓராண்டில் முடியாத காரியம் இல்லை.

‘எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, ஒரு செயலி விட்டால் தீர்ந்தது’ என்று அதிகாரி யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்த வேண்டும். கிடைவசமாகப் பிடித்த செல்போன் பார்வையில் சுமார் 20 டிகிரியை அடைக்கும். அதற்குள் தேட என்ன இருக்கிறது? 32 அங்குலத் தொலைக்காட்சிக்கு ஒரு மீட்டர் எதிரே உட்கார்ந்தால் ஏறக்குறைய 40 டிகிரி கிடைக்கிறது. வீடு வீடாக வண்ணத் தொலைக்காட்சியும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் அரசே கொடுத்த மாநிலத்தில் திரைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. எந்தத் திரையில், எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்று வீட்டில் காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆளும் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் பக்கவாத நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம். அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, விரல் சோதனை செய்யவும் கணினிப் பயிற்சியைத் தொடங்கி வைக்கவும் கற்றுத்தரலாம். ஏற்கெனவே வேலைச் சுமையில் இருப்பவர்கள் மேல் இன்னொரு வேலையா என்ற கேள்வி நியாயமானது. ஆட்களைக் கூட்டித்தான் இதைச் செய்ய வேண்டும். இருக்கிறவர்களின் தலையில் ஏற்றிவிட்டு அறிவிப்பு கொடுப்பதில் பயன் இல்லை. பயிற்சி அலுப்புத் தட்டுவது. வாரம் ஒரு முறையாவது யாராவது வந்து ‘எவ்வளவு செய்தீர்கள்?’ என்று கேட்காவிட்டால் பத்தாம் நாள் நின்றுவிடும்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியே எல்லா மாவட்டத்திலும் உரிய நேரத்தில் கிடைப்பதில்லை, இப்போது போய்ப் பார்வைப் பயிற்சியா என்பார்கள். ஊசி அவசரம்தான். இரண்டும் ஒரே பணப்பெட்டியில் போட்டி போடுகிறவை என்பதை ஏற்க முடியாது. ஊசிக்கு வேண்டியது ஸ்கேன் எந்திரமும் இரவுப் பணி நிபுணரும். இதற்கு வேண்டியது ஒரு மென்பொருளும் ஒரு சுற்றறிக்கையும், வீட்டுக்குப் போக இன்னும் சில ஆட்களும். போதாததற்கு, முகம், கை, பேச்சு மூன்றை மட்டுமே சொல்லும் நம் விழிப்புணர்வுப் பலகைகளில் ‘திடீரென்று ஒரு பக்கம் தெரியாமல் போவது’ என்பதையும் சேர்த்தால், ஊசி போட வேண்டிய சிலர் நேரத்தோடு வந்து சேர்வார்கள்.

சுற்றறிக்கையை முதலில் அனுப்பலாம். மென்பொருளுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையிலிருந்து போகும் ஒவ்வொரு பக்கவாத நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ‘பார்வைப் புலம்: இடம், வலம்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘வண்டி ஓட்டலாமா?’ என்று ஒரு வரி, சோதித்த மருத்துவரின் கையெழுத்து. மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் இதை இந்த மாதமே செய்துவிட முடியும்.